கவுன்ட்டியில் கேட்டால் ஆஸ்டினைக் காட்டுகிறார்கள்: டெக்சாஸில் யாரிடம்தான் போய் நிற்பது?

முத்துநகரான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். டெக்சாஸில் வீடு வாங்கி ஆறு வருடம் ஆகிறது. தபால் முகவரியில் ஓர் ஊர்ப் பெயர் இருக்கும், ஆனால் நாங்கள் இருப்பது எந்த நகராட்சிக்கும் உட்படாத இடம். மேயர் கிடையாது, நகர சபை கிடையாது. நம் ஊர் மாவட்டம் மாதிரியான கவுன்ட்டிதான் எங்களுக்கு எல்லாம்.

போன மாதம் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் காலி நிலத்தில் ஒரு பலகை நட்டார்கள். ரெடிமிக்ஸ் கான்கிரீட் ஆலை வரப்போகிறதாம். சிமென்ட் தூசி, விடியற்காலையிலிருந்து லாரி. எங்கள் தெருவில் ஆஸ்துமா உள்ள குழந்தைகள் மூன்று பேர். நாலைந்து பேர் சேர்ந்து கவுன்ட்டி கமிஷனர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். "இந்த நிலத்தில் என்ன வரலாம், வரக்கூடாது என்று சொல்லும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. அனுமதி கொடுப்பது மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் இருக்கும் மாநில சுற்றுச்சூழல் ஆணையம்" என்றார். தெருவிளக்கு, மழைநீர் ஓடை என்று வேறு இரண்டு விஷயம் கேட்டோம். ஒன்றுக்கு மட் (MUD, குடிநீர், வடிகால் மாதிரி வசதிகளைப் பார்க்கும் தனி அமைப்பு) என்றார், இன்னொன்றுக்குப் பணமில்லை, வரி உச்சவரம்பு என்றார்.

எனக்குப் புரியாதது இதுதான். வருடா வருடம் சொத்து வரி ரசீதில் கவுன்ட்டி பெயர் கொட்டை எழுத்தில் வருகிறது. ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறோம். அப்புறம் எதற்கெடுத்தாலும் ஆஸ்டின் என்றால் இவர்களுக்கு என்னதான் வேலை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மா_ஒருத்தன் எழுதியது:

நான் வந்த புதிதில் கவுன்ட்டி ஜட்ஜ் என்றால் நீதிபதி என்று நினைத்து, டிராஃபிக் டிக்கெட்டைக் குறைக்கச் சொல்லி ஒரு கடிதமே எழுதிவிட்டேன். அதைவிட நீங்கள் பரவாயில்லை.

கணக்கன்_பாஸ்கர் எழுதியது:

முத்துநகரான் சார், நான் ஒரு கவுன்ட்டியில் நிதிப் பிரிவில் 11 வருடமாக இருக்கிறேன். எந்தக் கவுன்ட்டி என்று கேட்காதீர்கள், வேலை முக்கியம்.

அந்தப் பெண் சொன்னது உண்மை. டெக்சாஸில் 254 கவுன்ட்டிகள் இருக்கின்றன. 1876ஆம் ஆண்டு அரசியல் சட்டம்தான் இன்றைக்கும் அடித்தளம். அதன்படி கவுன்ட்டி என்பது மாநிலத்தின் கை. மாநிலச் சட்டம் "இதைச் செய்யலாம்" என்று எழுதிக் கொடுத்ததை மட்டும்தான் செய்ய முடியும். எழுதாததைத் தொடக்கூடாது. 5,000 பேருக்கு மேல் உள்ள நகரம் தனக்கென ஒரு சாசனம் எழுதிக்கொண்டு, மாநிலம் தடுக்காத எதையும் செய்யலாம். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுன்ட்டியில் 2020 கணக்கெடுப்பின்படியே 47 லட்சம் பேர், அதற்கு அந்த உரிமை இல்லை. எந்த இடத்தில் என்ன வரலாம் என்று பிரிக்கும் நில வகைப்பாடு (ஜோனிங்) அதிகாரம் கவுன்ட்டிகளுக்குக் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. நகர எல்லைக்குள் ஆலை வருகிறது என்றால் பெரும்பாலான நகரங்கள் நில வகைப்பாட்டைக் காட்டி மறுக்கலாம். (ஹூஸ்டன் விதிவிலக்கு, அங்கே அதுவும் கிடையாது.) உங்கள் கமிஷனரால் மறுக்க முடியாது. கருத்துச் சொல்லலாம், நீங்களும் நானும் சொல்வது மாதிரி.

நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்வதென்றால், பாதி கலெக்டர் ஆபீஸ், பாதி உள்ளாட்சி. வேலைகளைப் பார்த்தால் கலெக்டர் ஆபீஸ் மாதிரி: மாநிலத்துக்காகத் தேர்தல் நடத்துவது, ஜெயில் வைத்திருப்பது, கோர்ட் நடத்துவது, வண்டிப் பதிவு, பத்திரப் பதிவு. ஆனால் அதற்கான பணத்தை மாநிலம் தராது. ஊரில் வரி போட்டு நீங்களே தேடிக்கொள்ள வேண்டும். கவுன்ட்டியை நடத்தும் சபைக்குக் கமிஷனர்ஸ் கோர்ட் என்று பெயர், உட்காருவது ஒரு கவுன்ட்டி ஜட்ஜும் நான்கு கமிஷனர்களும். கோர்ட்டும் இல்லை, ஜட்ஜுக்குச் சட்டம் படித்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. (சும்மா_ஒருத்தன், உங்கள் கடிதத்தை யாராவது ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பார்கள்.)

உங்கள் மாதிரி இடங்கள் பெருகியதற்கும் மாநிலச் சட்டம் ஒரு காரணம். முன்பெல்லாம் நகரங்கள் பக்கத்துக் குடியிருப்புகளைத் தாமாகவே தம் எல்லைக்குள் இழுத்துக்கொள்ளும். 2017இலும் 2019இலும் வந்த சட்டங்கள், அங்கே வாழ்பவர்கள் சம்மதிக்காமல் அப்படிச் செய்யக்கூடாது என்றன. மக்கள் உரிமை என்று பார்த்தால் சரிதான். விளைவு, ஹாரிஸில் மட்டும் சுமார் 20 லட்சம் பேர் எந்த நகரத்திலும் சேராமல் இருக்கிறார்கள். நகரம் செய்ய வேண்டியதை அவர்கள் கவுன்ட்டியிடம் எதிர்பார்க்கிறார்கள். நகரத்துக்கு இருக்கும் அதிகாரமோ கவுன்ட்டிக்கு இல்லை.

ராமநாதன்_ஃப்ரிஸ்கோ எழுதியது:

பாஸ்கர் சொன்ன சட்ட விளக்கத்தில் தவறில்லை. ஆனால் "பணமில்லை, உச்சவரம்பு" என்று எல்லாக் கவுன்ட்டியும் பாடும் பாட்டைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

2019க்கு முன்னால் நிலைமை என்ன? ஏற்கெனவே இருக்கும் சொத்துகளிலிருந்து வரும் வருமானத்தை வருடத்துக்கு 8 சதவீதம் வரை யாரையும் கேட்காமல் ஏற்றலாம். அதற்கு மேல் போனாலும் மக்கள் கையெழுத்து வேட்டை நடத்தி மனு கொடுத்தால்தான் வாக்கெடுப்பு. "வரி விகிதத்தை நாங்கள் உயர்த்தவில்லை" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள், வீட்டு மதிப்பு ஏறியதால் ரசீது மட்டும் பெருத்துக்கொண்டே போகும். எஸ்.பி. 2 (செனட் மசோதா 2) என்ற 2019 சட்டம் அதை 3.5 சதவீதமாக்கியது. அதற்கு மேல் வேண்டுமென்றால் நவம்பரில் தானாகவே மக்கள் வாக்கெடுப்பு. இதில் என்ன அநியாயம்? புதிதாகக் கட்டும் வீடுகள் இந்தக் கணக்கில் சேராது. பழைய கடனுக்கான வரியும் சேராது. காலின் கவுன்ட்டி மாதிரி வளரும் இடத்துக்குப் புது வீடுகளே பெரிய வருமானம்.

மக்கள் கொடுக்க மாட்டார்கள் என்பதும் பொய். 2024 நவம்பரில் டிராவிஸ் கவுன்ட்டி குழந்தைப் பராமரிப்புக்காக 100 டாலர் மதிப்புக்கு 2.5 சென்ட் கூடுதல் வரி கேட்டது. மக்கள் கொடுத்தார்கள். அதே நாளில் ஹாரிஸில் வெள்ளக் கட்டுப்பாட்டு மாவட்டம் கேட்டது, நூலிழையில் அதுவும் கிடைத்தது. காரணத்தை விளக்கிச் சொன்னால் ஜனங்கள் புரிந்துகொள்வார்கள். சொல்லச் சோம்பலாக இருப்பவர்கள்தான் ஆஸ்டினைத் திட்டுகிறார்கள்.

கணக்கன்_பாஸ்கர் எழுதியது:

ராமநாதன் சார், நியாயமான கேள்வி. வாக்கெடுப்பு பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குழந்தைப் பராமரிப்புக்கு ஓட்டுக் கேட்கலாம், வெள்ளத்துக்குக் கேட்கலாம். "ஜெயில் கைதிகளின் மருத்துவச் செலவு ஏறிவிட்டது, ஓட்டுப் போடுங்கள்" என்று எந்த அரசியல்வாதி மேடையேறுவார்?

எங்கள் பட்ஜெட்டில் பெரும்பங்கு நாங்கள் விரும்பிச் செய்யும் செலவு கிடையாது. குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு வக்கீல் வைக்க வேண்டும் என்பது 1963லிருந்து நாட்டின் சட்டம். டெக்சாஸில் 2001இல் அதற்கென்று ஒரு மாநிலச் சட்டம் வந்து தரத்தை உயர்த்தியது, நல்லது. செலவில் பெரும்பகுதி கவுன்ட்டி தலையில். ஒரே ஒரு கொலை வழக்கு சின்னக் கவுன்ட்டியின் அந்த வருடக் கணக்கையே புரட்டிப் போட்டுவிடும். மனநலம் சரியில்லாததால் விசாரணையை எதிர்கொள்ள முடியாது என்று தீர்ப்பான கைதி மாநில மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே படுக்கை இல்லை. அவர் எங்கள் ஜெயிலில் மாதக்கணக்கில் காத்திருப்பார். சாப்பாடு, மருந்து, காவல் எல்லாம் எங்கள் செலவு. ஜெயில் எப்படி இருக்க வேண்டும், எத்தனை கைதிக்கு எத்தனை காவலர் என்பதையும் மாநில ஆணையம்தான் நிர்ணயிக்கிறது. இதில் எதை வெட்டுவது?

ஒன்று சொல்கிறேன், இது எனக்கு ரொம்ப நாள் மனத்தாங்கல். 100 சதவீத உடல் ஊனமுற்ற முன்னாள் ராணுவத்தினரின் வீட்டுக்கு 2009லிருந்து சொத்து வரியே கிடையாது. யாராவது குறை சொல்வார்களா? மாட்டார்கள், நானும் மாட்டேன். ஆனால் அவர்கள் டெக்சாஸ் முழுக்கச் சமமாகப் பரவி வாழ்வதில்லை. ஃபோர்ட் ஹூட் ராணுவத் தளத்தை ஒட்டிய பெல் கவுன்ட்டியில் குவிந்திருக்கிறார்கள். மாநிலம் முழுவதும் சேர்ந்து சொன்ன நன்றிக்கு, பில் கட்டுவது கில்லீன் பக்கத்து மற்ற வீட்டுக்காரர்கள். மாநிலம் கொஞ்சம் ஈடு தருகிறது, இழப்பு முழுவதும் ஈடாவதில்லை.

வருமானத்துக்கு மேல் கூரை போட்டார்கள், சரி. செலவுக்குக் கீழே தரையும் போட்டிருக்கிறார்கள். 2021இல் வந்த எஸ்.பி. 23 சட்டப்படி 10 லட்சம் பேருக்கு மேல் உள்ள கவுன்ட்டி, காவல் செலவை முந்தைய வருடத்தைவிடக் குறைக்க வேண்டுமென்றால் மக்கள் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். கூட்டவும் கேள், குறைக்கவும் கேள். அந்த 3.5 சதவீதம் வந்தபோது விலைவாசி அமைதியாக இருந்தது. 2022 ஜூனில் நாட்டுப் பணவீக்கம் 9.1 சதவீதம். ஷெரிஃப் (கவுன்ட்டிப் போலீஸ் தலைவர்) வண்டிக்குப் போடும் பெட்ரோலுக்கு உச்சவரம்பு யாரும் போடவில்லையே.

சும்மா_ஒருத்தன் எழுதியது:

விற்பனை வரியில் பங்கு வாங்க வேண்டியதுதானே?

கணக்கன்_பாஸ்கர் எழுதியது:

ஹூஸ்டனில் நீங்கள் கட்டும் 8.25இல் 6.25 மாநிலத்துக்கு, 1 நகரத்துக்கு, 1 பஸ் நிறுவனத்துக்கு. உள்ளூர் பங்கு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஹாரிஸ் கவுன்ட்டிக்குப் பூஜ்யம். வருமான வரியை 2019இல் அரசியல் சட்டத் திருத்தம் போட்டே மூடிவிட்டார்கள். மிச்சம் இருப்பது உங்கள் வீடுதான்.

டாக்டரம்மா எழுதியது:

நீங்கள் எல்லோரும் டாலஸ், ஹூஸ்டன் பற்றியே பேசுகிறீர்கள். நான் கிழக்கு டெக்சாஸில், கைவிரலில் எண்ணிவிடலாம் என்கிற அளவுக்கு டாக்டர்கள் உள்ள ஒரு கவுன்ட்டியில் வேலை பார்க்கிறேன். பைன் மரங்கள், மாட்டுக் கொட்டில்கள், சர்ச்சுகள். இந்தியக் கடைக்கு இரண்டரை மணி நேரம்.

ஏழைகளுக்கான மெடிக்கெயிட் காப்பீட்டை விரிவாக்க டெக்சாஸ் மறுத்தது எல்லோருக்கும் தெரியும். ஆஸ்டினில் எடுத்த முடிவு. காப்பீடு இல்லாதவர்கள் விகிதத்தில் நாட்டிலேயே முதலிடத்தில் இருக்கும் மாநிலம் இது. காப்பீடு இல்லை என்பதற்காக நோய் வராமல் இருக்குமா? 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மருத்துவமனை மாவட்டம் (பொது மருத்துவமனைக்கென்றே வரி வசூலிக்கும் அமைப்பு) இல்லாத கவுன்ட்டிகள் பரம ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்கிறது. பொது வரி வசூலில் 8 சதவீதம் வரை அதற்குச் செலவழிப்பது கடமை. பரம ஏழை யார் தெரியுமா? மத்திய அரசின் வறுமைக்கோட்டில் 21 சதவீதத்துக்குள் வருமானம் உள்ளவர். தனி ஆளுக்கு 2024 கணக்குப்படி மாதம் சுமார் 264 டாலர். மாதம் 300 டாலர் சம்பாதித்தால் இந்தத் திட்டத்துக்கு நீங்கள் பணக்காரர், கவுன்ட்டி தானாக முன்வந்து வரம்பை உயர்த்தியிருந்தால் தவிர. எங்கள் மாதிரி இடங்களில் எதை வைத்து உயர்த்துவார்கள்?

அப்படி 300 டாலர் சம்பாதிப்பவர் சர்க்கரை நோயை வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருப்பார். கால் அழுகியதும் ஆம்புலன்ஸில் எமர்ஜென்சிக்கு வருவார். எமர்ஜென்சியில் யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது. அந்தச் செலவு சுற்றி வளைத்து உள்ளூர் வரிதாரரிடமே வரும். பெரிய கவுன்ட்டிகளில் பென் டாப், பார்க்லேண்ட் மாதிரி வரிப்பணத்தில் ஓடும் மருத்துவமனைகள் தாங்கிப் பிடிக்கின்றன. இங்கே தாங்க ஆளில்லை.

மாநிலம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2023இல் எஸ்.பி. 22 என்று கிராமப்புறக் காவலுக்கு மானியம் கொடுத்தார்கள். 10,000 பேருக்குக் கீழே உள்ள கவுன்ட்டி ஷெரிஃப் அலுவலகத்துக்கு 2,50,000 டாலர், ஷெரிஃபுக்குக் குறைந்தது 75,000 சம்பளம் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. பக்கத்துக் கவுன்ட்டி துணை ஷெரிஃப் ஒருவர் என் நோயாளி. வாரக் கடைசியில் வேலி கட்டும் வேலையை விட்டுவிட்டேன் என்று சந்தோஷமாகச் சொன்னார். ஆஸ்டின் மனது வைத்தால் சின்னக் கவுன்ட்டிக்கு எவ்வளவு செய்ய முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். நர்ஸ்களுக்கும் அப்படி மனது வைத்தால் தேவலை.

வாசுகி_ஆர் எழுதியது:

டாக்டரம்மா சொன்னது பணம். நான் அதிகாரத்தைப் பற்றிச் சொல்கிறேன். கவுன்ட்டி ஒரு கட்சியிடமும் மாநிலம் இன்னொரு கட்சியிடமும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹாரிஸைப் பாருங்கள்.

2020 தேர்தலில் தபால் ஓட்டை நேரில் போட ஹாரிஸ் 12 இடங்கள் வைத்தது. அக்டோபர் 1ஆம் தேதி கவர்னர் அபாட் ஓர் ஆணை போட்டார்: கவுன்ட்டிக்கு ஒரு இடம்தான். 1,700 சதுர மைல், 47 லட்சம் பேர், ஒரு இடம். அந்த வருட மக்கள்தொகைக் கணக்கில் 64 பேர் இருந்த லவிங் கவுன்ட்டிக்கும் ஒரு இடம். அடேயப்பா, என்ன சமத்துவம்!

2023இல் எஸ்.பி. 1750. "35 லட்சம் மக்கள்தொகைக்கு மேல் உள்ள கவுன்ட்டிகளில்" தேர்தல் நிர்வாகி பதவி ஒழிக்கப்படும் என்றது. அப்படி ஒரே ஒரு கவுன்ட்டிதான் இருக்கிறது. தனியாக ஒரு கவுன்ட்டி பெயரைச் சொல்லிச் சட்டம் போடக்கூடாது என்று அரசியல் சட்டம் தடுக்கிறது. அதனால் பெயரைச் சொல்லாமல் அளவைச் சொல்லிவிடுவார்கள். "இந்த வகுப்பில் ஆறடி மூன்று அங்குலத்துக்கு மேல் உள்ளவர்கள் எல்லாம் வெளியே போகலாம்" என்பது மாதிரி. கவுன்ட்டி வழக்குப் போட்டது, மாநில உச்ச நீதிமன்றம் சட்டத்தை நிறுத்தி வைக்க மறுத்தது. செப்டம்பர் 1 முதல் பதவி போயிற்று.

எல்லாவற்றையும்விட என்னைச் சுட்டது வெள்ளப் பணம். 2017 ஹார்வி புயலில் ஹூஸ்டன் மூழ்கியதை உலகமே பார்த்தது. எதிர்கால வெள்ளத்தைத் தடுக்க மத்திய அரசு கொடுத்த நிதியைப் பிரித்துக் கொடுத்தது மாநில நில அலுவலகம். 2021 மேயில் முதல் தவணை சுமார் 100 கோடி டாலர் பிரித்தார்கள். ஹூஸ்டன் நகரத்துக்குப் பூஜ்யம். ஹாரிஸ் கவுன்ட்டிக்கும் பூஜ்யம். இரண்டு கட்சிக்காரர்களும் கத்திய பிறகு கவுன்ட்டிக்கு 75 கோடி என்றார்கள். அந்தப் பிரிப்பு முறையே பாரபட்சமானது என்று மத்திய வீட்டு வசதித் துறை 2022 மார்ச்சில் முடிவு சொன்னது.

ராமநாதன்_ஃப்ரிஸ்கோ எழுதியது:

வாசுகி, வெள்ளப் பணத்தில் உங்களோடு சண்டையில்லை. அது அசிங்கம்.

ஆனால் தேர்தல் கதையில் பாதியை விட்டுவிட்டீர்கள். 2022 நவம்பரில் ஹாரிஸில் சில வாக்குச் சாவடிகளில் வாக்குச்சீட்டுத் தாளே தீர்ந்துபோனது. எத்தனை சாவடி, எவ்வளவு பேர் பாதிக்கப்பட்டார்கள் என்பதில் வழக்கு, விவாதம் எல்லாம் நடந்தது. ஆனால் தீர்ந்தது உண்மை. கவுன்ட்டி மாநிலத்தின் கை என்று பாஸ்கரே சொல்கிறார். கை தடுமாறினால் உடம்புக்குக் கேட்க உரிமை இல்லையா?

வாசுகி_ஆர் எழுதியது:

கேட்கலாம். கையை வெட்டக்கூடாது.

சரி, உள்ளூர்க்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை என்பதற்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன், ராமநாதன் சாருக்குப் பிடிக்கும். வரி விதிக்கும் கூட்டத்தில் ஐந்தில் நான்கு பேர் இருந்தாக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். 2022 செப்டம்பரில் ஹாரிஸின் இரண்டு குடியரசுக் கட்சிக் கமிஷனர்கள் கூட்டத்துக்கே வராமல் இருந்துவிட்டார்கள். மூன்று பேருக்குப் பெரும்பான்மை உண்டு, ஆனால் ஓட்டெடுக்க முடியாது. கடைசியில் போன வருட அளவு வருமானம் தரும் விகிதத்தோடுதான் அந்த வருட பட்ஜெட் போட வேண்டியதாயிற்று. இருவர் வீட்டில் உட்கார்ந்து மூவரை வென்றார்கள். அந்த "நான்கு பேர்" விதியை மாற்றுவதும் ஆஸ்டின் கையில்தான்.

நெறியாளர் எழுதியது:

தனிப்பட்ட தாக்குதல் உள்ள நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். தேசிய அரசியலுக்கு வேறு இழை இருக்கிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள்.

முத்துநகரான் எழுதியது:

இரண்டு வாரமாக எட்டிப் பார்க்கவில்லை, மன்னிக்கவும். எல்லாப் பதிவுகளையும் வாசித்தேன். பாஸ்கர் சார், உங்களுக்குத் தனியாக நன்றி. நான் கமிஷனர் அலுவலகத்தில் கோபப்பட்டது தப்பான ஆளிடம் என்று புரிகிறது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், வேறு யாருக்காவது பயன்படும்.

மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கு எழுதினோம். சட்டத்தை மாற்றுவது என்றால் ஒற்றைப்படை வருடம் ஜனவரியில் சட்டமன்றம் கூடும் வரை காத்திருக்க வேண்டும். 140 நாள்தான், அதற்குள் ஆயிரக்கணக்கில் மசோதாக்கள். ஆனால் அவர் இப்போதே செய்யக்கூடியது ஒன்று இருந்தது. பகுதியின் சட்டமன்ற உறுப்பினர் கேட்டால் ஆணையம் பொதுக்கூட்டம் நடத்தியாக வேண்டும். அலுவலகத்தில் அதற்கு ஒப்புக்கொண்டார்கள். கமிஷனர் அலுவலகத்திலிருந்தும் எதிர்ப்புக் கடிதம் போயிருக்கிறது. அதிகாரமில்லாத கடிதம்தான், இருந்தாலும் போயிருக்கிறது.

இன்னொரு விஷயம். இந்த வகை ஆலைக்கு எதிராக முறையான விசாரணை கேட்க வேண்டுமென்றால், ஆலையிலிருந்து 440 கஜத்துக்குள் நிரந்தரமாகக் குடியிருக்க வேண்டும். மற்றவர்கள் கருத்து எழுதலாம், அவ்வளவே. நேற்று இரவு உட்கார்ந்து கூகுள் மேப்பில் அளந்தேன். என் வீடு 510. ஆஸ்துமா குழந்தைகள் உள்ள மூன்று வீடும் 480க்கு மேல். எங்கள் தெருவில் 440க்குள் விழுவது கடைசி வீடு மட்டும். அங்கே ஒரு வியட்நாமியப் பெரியவர் தனியாக இருக்கிறார். ஆறு வருடத்தில் கை ஆட்டியதைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆங்கிலம் அவருக்குக் கொஞ்சம்தான் வரும் என்கிறார்கள்.

மனைவி முறுக்குச் சுட்டு வைத்திருக்கிறாள். சாயங்காலம் எடுத்துக்கொண்டு போகிறோம்.

சும்மா_ஒருத்தன் எழுதியது:

போய்விட்டு வந்து எழுதுங்கள் சார். 440ஐ எங்கிருந்து அளப்பார்கள், வேலியிலிருந்தா மெஷினிலிருந்தா? அதையும் கேட்டுவிடுங்கள்.